தாயர் மொட்டை

1

எங்கள் வீட்டில் ஆண்டுக்கு ஒரு முறை, மாதா பிறந்த நாளுக்கு முந்தின நாள், ஒரு கொண்டாட்டம் உண்டு. எந்தக் காலண்டரிலும் இல்லாத திருநாள். என் மகள்கள் அதற்கு வைத்த பெயர் ‘அப்பா இறங்கின நாள்’. நான் பினாங்குத் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கிய நாளாம். இறங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் இறக்கினார்கள். நாகப்பட்டினத்தில் ஏறியது முதல் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தவன் நான். ஒரு கையில் டிரங்குப் பெட்டி, மறு கையில் சம்பந்தி வீட்டுக்கென்று அம்மா கட்டிக்கொடுத்த கருவாட்டுப் பொட்டலம். நான் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு, என்னை அழைத்துப்போக வந்த மாமனார், கூட்டத்தில் வேறு மாப்பிள்ளை யாராவது தென்படுகிறாரா என்று தேடினாராம். என் மனைவி பிலோமினா இதைச் சொல்லாமல் ஒரு வருடமும் கேக் வெட்டியதில்லை.

கேக்கின் மேல் வழக்கமாகச் சர்க்கரையில் ஒரு கப்பல் இருக்கும். இந்த வருடம் கப்பலைக் காணோம். அதற்குப் பதில், மேலிருந்து பார்த்தால் தெரிவது மாதிரி ஒரு சிவப்புக் கார். நான்கு மூலையிலும் கறுப்பு ஜெல்லியில் நான்கு சக்கரம். மூன்று பெரிது. ஒன்று மட்டும் சின்னது. மூத்தவள் ஸ்டெல்லா கத்தியை என் கையில் கொடுத்து, “அப்பா, உங்க தாயர நீங்களே வெட்டுங்க லா,” என்றாள். இங்கே எல்லோர் பேச்சிலும் அந்த ‘லா’ வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். சின்னவள் ரீட்டா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நம் பங்கு மலருக்கு, வெளிநாட்டில் நம்மவர் எப்படி முன்னேறுகிறார்கள் என்று ஒரு கட்டுரை வேண்டும் என்று சாமியார் கேட்டு எழுதியிருந்தார். முன்னேற்றம் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு முக்கியமான நாளில் நான் பின்னாலேயே போய்ச் சேர்ந்த கதை இருக்கிறது. அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். சின்னச் சக்கரத்தின் கதையும் அதுதான்.

2

முதலில் இந்த நாட்டு அட்டைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கே எல்லோரும் சட்டைப்பையில் ஓர் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். குடிமக்களுக்கு நீல அட்டை. என்னைப் போல வந்து ஒட்டிக்கொண்டவர்களுக்குச் சிவப்பு. பிலோமினா இங்கே பிறந்தவள், நீலம். ஸ்டெல்லாவும் ரீட்டாவும் சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள், நீலம். நான் சிவப்பு. வெளிநாட்டுப் பெண் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தால் அவளுக்கு நீலம் வாங்க ஒரு வழி இருக்கிறது. வெளிநாட்டு ஆண் வாழ்க்கைப்பட்டு வந்தால் அந்த வழி இல்லை. ஓர் ஆண் அப்படி வருவான் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. நான் வந்தேன்.

ஆகவே எனக்கு இருந்தது நீண்ட வழி. பல வருடம் இந்த மண்ணில் விடாமல் இருந்து காட்ட வேண்டும். மலாய் பேசத் தெரிய வேண்டும். கடைசியில் எங்கள் கெடா மாநிலத் தலைநகர் அலோர் ஸ்டாரில் ஓர் அதிகாரி கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பார். இடையில் ஊருக்குப் போனால் இருந்த கணக்கு முறியும் என்று ஒருவர் சொன்னார். முறியாது என்றார் இன்னொருவர். ஒரு மாதம் போகலாம், இரண்டு மாதம்தான் ஆபத்து என்றார் மூன்றாமவர். மூவரும் ஒரே அலுவலகத்து ஆட்கள். நான் பயந்த சுபாவம். மூவரிலும் அதிகம் பயமுறுத்தியவர் பேச்சைக் கேட்டேன். அப்பாவின் அடக்கத்துக்குக்கூட வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அம்மாவைப் பார்த்தும் வெகுகாலம் ஆகிவிட்டது.

அம்மாவுக்கு இந்த அட்டைக் கதையைப் புரியவைக்க முடியவில்லை. நீல அட்டை வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். “பெத்த வீட்டுக்கு வர அவனுக்கு அனுமதிச் சீட்டா?” என்று கேட்டாளாம். போன வருடம் வேளாங்கண்ணிக்குப் போய், மகன் வீடு வந்து சேர வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, எழுபது வயதில் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். அந்தப் புகைப்படம் எங்கள் வீட்டு மாதா படத்துக்குக் கீழே இருக்கிறது. மொட்டைத் தலையும், காதில் பாம்படமும், முகத்தில் பெரிய வெற்றியுமாக நிற்கிறாள்.

அந்தப் படம் வந்த அன்று என் மகள்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாட்டியைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. அதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது.

மலாயில் டயருக்குத் ‘தாயர்’ என்று பெயர். தேய்ந்துபோன டயரை ‘தாயர் போத்தாக்’ என்பார்கள். போத்தாக் என்றால் மொட்டை. இங்குள்ள தமிழர்கள் இரண்டையும் கலந்து ‘தாயர் மொட்டை’ என்று சாதாரணமாகச் சொல்வார்கள். நான் வந்த புதிதில், மாமனார் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்த சிடாம் கிரிப் பக்கத்துத் தோட்ட ஆபீசில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். முதல் வாரமே ஓட்டுநர் வந்து வாசலில் நின்றுகொண்டு, “சின்னக் கிராணி, தாயர் மொட்டை, இன்னிக்கு டவுனுக்குப் போக முடியாது,” என்றார். தாயார் மொட்டை போட்டிருப்பதற்கும் டவுனுக்குப் போவதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் மரியாதை தெரிந்தவன். எழுந்து நின்று, “எந்தக் கோயில்ல போட்டாங்க? பிரார்த்தனை நல்லபடியா முடிஞ்சுதா?” என்று விசாரித்தேன். அந்த ஓட்டுநர் பணி ஓய்வு பெற்று மெர்போக்கில் மகளோடு இருக்கிறார். இப்போதும் சந்தையில் என்னைக் கண்டால் தலையைத் தடவிக் காட்டுகிறார்.

3

இனி கார்.

எங்கள் தோட்டத்து மானேஜர் ஜொகூருக்கு மாற்றலாகிப் போனபோது தன் காரை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, சிவப்பு நிறம். பந்தயக்கார் ஜாதி. இந்த எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த ஜப்பான் வண்டி. சாதாரண வண்டியை இரண்டு சக்கரம் இழுக்கும். இதில் கியருக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பி இருந்தது. அதைப் பின்னால் இழுத்தால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். மழை பெய்தால் எங்கள் தோட்டத்துச் செம்மண் பாதை வெந்து குழைந்த கேழ்வரகுக் களி மாதிரி ஆகிவிடும். என் பழைய கார் அதில் இரண்டு முறை குடியேறியது. அதனால் வாங்கினேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். எனக்கு அந்தச் சிவப்பு நிறம் பிடித்திருந்தது என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

வாங்கிய பிறகுதான் சில சங்கடங்கள் தெரிந்தன. இரண்டே கதவு என்பதால் என் மாமியார் பின்னால் ஏற வேண்டுமானால், முன் இருக்கையை மடக்கி, அவரைப் பக்கவாட்டில் திருப்பி, பிலோமினா உள்ளேயிருந்து இழுக்க, நான் வெளியே நின்று ஜெபிக்க வேண்டும். ஞாயிறு பூசைக்கு நாங்கள் கிளம்புவதை வேடிக்கை பார்க்க தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் சீக்கிரமே எழுந்துவிடுவார்கள்.

அலோர் ஸ்டாருக்கு வரச்சொல்லி அழைப்பு வந்த அதே மாதத்தில் நான்கு டயரும் மொட்டையாகிவிட்டன. ரிம்மும் துருப்பிடித்துக் காற்று நிற்கவில்லை. சுங்கைப் பட்டாணியில் ஆ செங்கிடம் கொண்டுபோனேன். ஆ செங் சீனர். ரப்பர்த் தோட்டத்துக் கடைவரிசையில் பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழ் என் மகள்களின் தமிழைவிட நல்ல தமிழ். ஆனால் வாய் கொஞ்சம் நீளம். தன்னைப் போல் ஒரு மெக்கானிக் கெடாவிலேயே இல்லை என்பதை நாம் கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

வண்டியைச் சுற்றி வந்து, “கிராணி அண்ணே, இது சிக்கல் பிடிச்ச வண்டி,” என்றார். சக்கரத்துக்கு நான்கு போல்ட்தான். ஆனால் அந்த நான்கு ஓட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளி இந்த ஊரில் வேறு எந்தக் கம்பெனி வண்டிக்கும் இல்லை. பழைய ரிம் கிடைக்காது. அதே கம்பெனியின் புது மாடலில் போல்ட் இடைவெளி மாறவில்லை, ரிம் மட்டும் ஓர் அங்குலம் பெரிது. பட்டர்வொர்த்தில் அடிபட்ட வண்டிகளை அறுத்து விற்கும் கடை ஒன்றில் அப்படி ஒரு வண்டி வந்திருக்கிறது. ரிம், டயர் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்றார்.

“பழைய வண்டிக்குப் புதுச் சக்கரம் ஒத்துக்குமா?” என்று கேட்டேன்.

“எழுபது வயசு ஆளுக்கு இருபது வயசு பொண்ணு ஒத்துக்குதா இல்லையா? ஒத்துக்கும். கொஞ்சம் உரசும்,” என்றார் ஆ செங்.

4

உரசியது.

புதுச் சக்கரத்தில் டயரும் பழையதைவிட உயரம். நேராக ஓட்டினால் ராஜநடை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் மட்கார்டின் உள் விளிம்பில் பட்டு, கரும்பு பிழிகிற மாதிரி ஒரு சத்தம். ஆ செங் விளிம்பை ரப்பர்ச் சுத்தியலால் தட்டித் தட்டி மடக்கினார். முன்னால் சரியாயிற்று. பின்னால் சரியாயிற்றா என்று பார்க்க வேண்டுமானால் பாரம் ஏற்ற வேண்டும். இரண்டு சிமெண்ட் மூட்டையைத் தேடினார். அப்போது, வேடிக்கை பார்க்கக் குடும்பத்தோடு வந்திருந்த ஸ்டெல்லா, “அங்கிள், பாட்டி இருக்காங்க,” என்றாள்.

மாமியார் கோபித்துக்கொள்ளவில்லை. செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு, தேரில் ஏறுகிற மாதிரி ஏறி உட்கார்ந்தார். கடையைச் சுற்றி மூன்று வட்டம். அவர் இடது பக்கம் நகர்ந்தால் இடது பக்கம் உரசும், வலது பக்கம் நகர்ந்தால் வலது பக்கம். ஆ செங் ஓடி ஓடித் தட்டினார். கடைசியில் நட்டநடுவில் உட்கார்ந்தால் உரசவில்லை. “அம்மா, நீங்க எப்பவும் இப்பிடியே நடுவுல ஒக்காரணும்,” என்று ஆ செங் கட்டளை போட்டார். “இனிமே எனக்குத் தனிச் சீட்டு,” என்று மாமியார் பிலோமினாவைப் பார்த்துச் சொன்னார். அவருக்கு அதில் ரொம்பப் பெருமை.

ஐந்தாவது சக்கரத்துக்கு வந்தபோதுதான் தகராறு. இந்த வண்டியில் ஸ்பேர் சக்கரம் பின்னால் இல்லை. எஞ்சினுக்கு மேலே, பானெட்டுக்குள் படுத்திருக்கும். புதுச் சக்கரத்தை அங்கே வைத்தால் பானெட் மூடவில்லை. ஆ செங் மேலே ஏறி உட்கார்ந்து பார்த்தார், அப்போதும் மூடவில்லை. பின்னால் சாமான் வைக்கிற இடத்தில் போட்டுக்கொள் என்றார். அங்கே சந்தைக்கூடை வைக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அந்தக் கூடையை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆக, பழைய ஸ்பேரே பானெட்டுக்குள் திரும்பப் போயிற்று.

ஆ செங் முகம் மாறியது. அன்று அவர் கேலி இல்லாமல் பேசியது அந்த ஒரு முறைதான்.

“அண்ணே, நல்லா கேளு. இந்த வண்டில நாலும் ஒரே ஒசரம் இருக்கணும். ஒண்ணு சின்னதா இருந்தா அது வேகமா சுத்தும், மத்த மூணும் அதோட சண்டை போடும். உள்ள கியர் முறுக்கிக்கும். பஞ்சர் ஆகி அந்தச் சின்னதை மாட்டினா, கம்பியை ரெண்டுல போட்டு மெதுவா வூட்டுக்கு வந்துரு. நாலுல மட்டும் இழுக்காத.”

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நம் மாதா சப்பரத்தின் ஒரு சக்கரம் மட்டும் பிற்பாடு செய்தது என்பதும், அது மற்ற மூன்றைவிடக் கொஞ்சம் சின்னது என்பதும், அதனால் சப்பரம் ஒவ்வொரு வருடமும் இடது பக்கமாகவே இழுத்து, கள்ளுக்கடைச் சந்துக்குள் மாதாவைக் கொண்டுபோகப் பார்க்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். கட்டை போட்டுத் திருப்ப நாற்பது பேர் இருந்தார்கள். எனக்கு இருந்தது ஓர் ஆ செங்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் இங்குள்ள பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தார். அடுத்த வீட்டு முனியம்மா அக்கா, ‘தீர்த்தம் அது பாட்டுக்கு இருக்கட்டும், வண்டிக்கு இது வேணும்’ என்று நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார். சாமியார் அந்த நேரத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பானெட்டுக்குள் படுத்திருந்த ஐந்தாவதுக்குத் தீர்த்தமும் இல்லை, பழமும் இல்லை.

5

அழைப்பு நாளுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே ரீட்டா எனக்கு மலாய் வாத்தியார். நாட்டின் ஐந்து கோட்பாடுகளை மனப்பாடம் செய்யவைத்தாள். குளியலறையில் சொன்னேன், சாப்பிடும்போது சொன்னேன். பிழை விட்டால், “அப்பா, இப்பிடிச் சொன்னா அவங்க சிவப்பு கார்டையும் புடுங்கிப்பாங்க,” என்பாள். என் மகள்கள் தங்களுக்குள் பேசும் மொழி மலாயும் ஆங்கிலமும். என்னிடம் பேசும்போதுதான் தமிழை எடுக்கிறார்கள், விருந்தாளி வந்தால் எடுக்கிற நல்ல தட்டு மாதிரி.

அன்று காலையில் நல்ல மழை. நான்கு பேரும் கிளம்பினோம். லைசென்ஸ் எடுத்துச் சில மாதமே ஆன ஸ்டெல்லா ஓட்டினாள். நான் ஐந்து கோட்பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்ததால் என்னை ஓட்டவிடவில்லை. கம்பியை நாலில் போட்டுச் செம்மண் பாதையை எருமை மாதிரி கடந்தாள். தார் ரோடு வந்ததும் இரண்டில் தள்ளினாள். எல்லாம் முறைப்படி.

குருன் தாண்டியதும் இடது முன் சக்கரம் படபடவென்று அடித்தது. பஞ்சர். மழையில் ஜாக்கியைப் போட்டு, பானெட்டைத் திறந்து, அந்தத் தீர்த்தம் காணாத சக்கரத்தை எடுத்து மாட்டினோம். என் வெள்ளைச் சட்டையின் கையெல்லாம் கரி. பிலோமினா குடை பிடித்தபடி, “இந்தக் கோலத்துலதான் எங்க அப்பா உங்கள மொதல்ல பாத்தாங்க,” என்றாள்.

வண்டி ஒரு பக்கம் சாய்ந்து கிளம்பியது. பின் இருக்கையிலிருந்து ரீட்டா, “மூணு பெருசு, ஒண்ணு சின்னது. மூணு நீலம், ஒண்ணு சிவப்பு,” என்று பாட்டாகவே பாடினாள். “அப்பா, நீங்கதான் அந்த ஸ்பேர் தாயர்.”

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு மணியைப் பார்த்தேன். நேரமாகிக்கொண்டிருந்தது, மழை வலுத்தது, வண்டி ஊர்ந்தது. அப்போது எனக்கு ஓர் இரக்கம் தோன்றியது. பாவம், அந்தச் சின்னச் சக்கரம் முன்னால் தனியாகக் கிடந்து கஷ்டப்படுகிறது. பின்னால் இருக்கிற இரண்டும் சும்மா உருண்டு வருகின்றன. அவையும் கை கொடுத்தால் என்ன? ஆ செங் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அவர் நீளவாய்க்காரர், பாதிதான் உண்மையாக இருக்கும் என்று நானே ஒரு தீர்ப்பு எழுதினேன். ஸ்டெல்லா தடுக்கும் முன் கையை நீட்டிக் கம்பியை நாலுக்கு இழுத்துவிட்டேன்.

“அப்பா, ஆ செங் அங்கிள் என்ன சொன்னாரு?”

“அவர் சொன்னது வெயிலுக்கு. இது மழை,” என்றேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச தூரத்தில் வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. பிறகு சூடேறிய எண்ணெய் நாற்றம். அலோர் ஸ்டார் ஊருக்குள் வளைவுகளில் கார் தவளை மாதிரி குதித்தது. கம்பியை இரண்டுக்குத் தள்ளப் பார்த்தேன். அசையவில்லை. ஸ்டெல்லாவும் பார்த்தாள். அசையவில்லை. அந்த அலுவலகத்து வாசலுக்கு எதிரே, ரோட்டின் மறுபக்கத்தில், வண்டி பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. முன்னால் நகர மாட்டேன் என்றது.

ஸ்டெல்லா ஒரு நிமிடம் ஸ்டியரிங்கில் தலையை வைத்திருந்தாள். பிறகு நிமிர்ந்து, “முறுக்கினதைத் திருப்பி முறுக்கினா அவுரும்,” என்று ரிவர்ஸில் போட்டாள். கார் பின்னால் நகர்ந்தது. அவள் நிறுத்தவில்லை. அப்படியே வளைந்து வளைந்து ரோட்டைக் கடந்து, வாசலுக்குள் நுழைந்து, கொடிக்கம்பத்தைச் சுற்றி, படிக்கட்டு வரை பின்னாலேயே கொண்டுவந்து நிறுத்தினாள். அங்கே டக்கென்று ஒரு சத்தம். கம்பி தானாக விடுபட்டது. வாசல் காவலர் எங்களுக்கு ஒரு சல்யூட் அடித்தார். இப்படி ஒரு வழக்கம் பெரிய மனிதர்களுக்கு உண்டு என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

6

என்னிடம் பேசிப் பார்த்தவர் என் வயதுள்ள ஓர் அம்மாள். முக்காடு போட்டு, மூக்குக் கண்ணாடி போட்டு, தாழ்ந்த குரலில் பேசினார். ஐந்து கோட்பாட்டைக் கேட்பார் என்று வாயைத் தயாராக வைத்திருந்தேன். அவர் என் கையைப் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு கரி என்று கேட்டார்.

அது பாடத்தில் இல்லாத கேள்வி. ஆனால் பதில் என்னிடம் இருந்தது. என் மலாயில் பாதி சந்தையில் படித்தது, மீதி ஆ செங் கடையில் படித்தது. தாயர், ரிம், பஞ்சர், பழைய தாயர், பெரிய தாயர், சின்னத் தாயர் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மாமியாரை நடுவில் உட்காரவைத்தது வரை சொன்னேன். எனக்கே ஆச்சரியம், இத்தனை மலாய் எங்கே இருந்தது என்று. அவர் ஏதோ குறித்துக்கொண்டார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

பிறகு அவர் குடும்ப விவரங்களுக்கு வந்தார். அம்மா இருக்கிறார்களா என்று கேட்டார்.

மலாயில் அம்மாவுக்கு ‘எமாக்’. அது குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் கேள்வி அம்மாவைப் பற்றி என்றதும் என் வாய் தமிழுக்குப் போய்விட்டது, அதுவும் அதிகாரியின் முன்னால் பேசுகிற மரியாதைத் தமிழுக்கு. தாயார் என்று ஆரம்பித்தேன். கால்மணி நேரமாகத் தாயர் தாயர் என்று பழகிய நாக்கு அதை அப்படியே வெளியே விட்டது.

“தாயர் சாயா டி இந்தியா,” என்றேன். என் டயர் இந்தியாவில் இருக்கிறது.

அவர் நிமிர்ந்தார். இந்தியாவிலா என்று கேட்டார். ஆமாம், ரொம்பப் பழசு, எழுபது வருடம், இங்கே வர முடியாது என்று விவரமாகச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைக் கூர்ந்து பார்த்தார். பிறகு, எழுபது வருடத்து டயரைப் பற்றி எவரும் கேட்கக்கூடியதைக் கேட்டார்.

“போத்தாக்?”

இந்த அம்மாளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. வேளாங்கண்ணிப் படம் கண்ணில் வந்து நின்றது. பொய் சொல்லக் கூடாது. “போத்தாக்,” என்றேன். “போன வருஷம். கோயிலில் வைத்து. எனக்காக.”

“கோயிலிலா?”

“நான் வீட்டுக்கு வர வேண்டும் என்று.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஒரு டயரும் ஒரு கோயிலும் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதைப் பார்த்த பிறகுதான் நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே உறைத்தது. “எமாக்,” என்றேன் அவசரமாக. “தாயர் இல்லை. எமாக். தமிழில் தாயார் என்றால் எமாக்.” தலையைத் தடவிக் காட்டினேன்.

அவர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரர் வந்து என்ன என்று கேட்க, அவருக்கும் சொல்லி மறுபடி சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த வரியை எங்கும் மனப்பாடம் செய்யாமலே இரண்டு பேரைச் சிரிக்கவைத்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

கண்ணைத் துடைத்துக்கொண்ட பின் அவர் மெதுவாகக் கேட்டார், அம்மாவைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று. அதற்கு என்னிடம் டயர் மலாய் இல்லை. சந்தை மலாயும் இல்லை. “லாமா,” என்றேன். ரொம்ப நாள் ஆயிற்று. அன்றைக்கு நான் பிழையில்லாமல் சொன்ன மலாய்ச் சொல் அது ஒன்றுதான் என்று ரீட்டா சொல்கிறாள்.

அவர் கொஞ்ச நேரம் என் தாள்களைப் புரட்டினார். மொழி இன்னும் தேற வேண்டும், ஆறு மாதம் கழித்து மறுபடி வாருங்கள் என்றார். நான் எழுந்தேன். ஊருக்குப் போனால் கணக்கு முறியுமா என்று, இத்தனை வருடமாக யார் யாரிடமோ கேட்டதை அவரிடமும் கேட்டேன். குறுகிய நாள் போய்வருவதால் ஒன்றும் முறியாது என்றார். திரும்பி வருவதற்கான அனுமதியை முதலில் வாங்கிக்கொள்ளச் சொன்னார். அவ்வளவுதான். பிறகு ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, அடுத்த முறை காரை முன்பக்கமாக உள்ளே கொண்டுவாருங்கள் என்றார். அவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

7

ஆ செங் கியர்ப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, பல் ஒன்றும் போகவில்லை, எண்ணெய் மட்டும் கருகியிருக்கிறது என்றார். அதன்பின் என்னைத் திட்ட ஆரம்பித்தார். அவர் திட்டிய தமிழில் சில சொற்களை நான் நம் ஊரில்கூடக் கேட்டதில்லை. ஐந்தாவது புதுச் சக்கரத்தை எடுத்து வந்து, என்னைக் கேட்காமலே சந்தைக்கூடை வைக்கிற இடத்தில் போடப் பார்த்தார். ஆனால் பஞ்சர் ஆன சக்கரத்துக்கு ரிம்மும் நெளிந்துவிட்டதால் அது அவரிடமே கிடக்கிறது. அது இருந்த முன்பக்கத்தில் ஐந்தாவதை மாட்டியாயிற்று. ஆக, நான்கும் இப்போது ஒரே உயரம். ஸ்பேருக்கு மட்டும் மறுபடி அதே பழைய சின்னதுதான். பட்டர்வொர்த்தில் இன்னொரு ரிம் வந்தால் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

இதையெல்லாம் கேக் வெட்டிய அன்று பேசிச் சிரித்தோம். சின்னச் சக்கரத் துண்டை என் தட்டில் வைத்தார்கள். நான் அதைத் தின்றுகொண்டே, ஊருக்குப் போய்வரலாம் என்று இருக்கிறேன் என்று சொன்னேன். இத்தனை வருடத்தில் இதைப் பல முறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பிலோமினா, ‘கணக்கு முறிஞ்சா என்ன பண்றது?’ என்பாள், நானும் நிம்மதியாக ஒத்துக்கொள்வேன். இந்த முறை அவள் அதைச் சொல்லவில்லை. எழுந்து போய், என் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினாள். அதே டிரங்குப் பெட்டி. உள்ளே இன்னும் லேசாகக் கருவாட்டு வாசனை அடிக்கிறது என்று மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

ஆகவே சாமியாருக்கும் பங்கு மக்களுக்கும் ஒரு சேதி. திரும்பிவரும் அனுமதி கையில் கிடைத்தவுடன் புறப்படுகிறேன். அம்மாவிடம் யாராவது சொல்லிவிடுங்கள், நீல அட்டை இன்னும் வரவில்லை, நான் வருகிறேன் என்று. வேறு ஒன்றும் விளக்க வேண்டாம். அவள் நேர்ச்சையின் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். அந்த அலுவலகத்து அம்மாளுக்கு அதில் பங்கு உண்டு என்பதை நான் நேரில் வந்து சொல்லிக்கொள்கிறேன்.

நான் இல்லாதபோது தோட்டத்துப் பாதையில் எப்படிச் சமாளிப்பீர்கள் என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். அவள் காரின் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு இருந்தாள்.

“நீங்க போயிட்டு வாங்கப்பா. வெயில் வரைக்கும் நாங்க ரெண்டுல ஓட்டிக்கிறோம்,” என்றாள். பிறகு சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு, “மழைக்குள்ள வந்துடுங்க. சேத்துல நாலும் இருந்தாத்தான் இழுக்கும் லா.”